தேவதாருவின் அடியில் பள்ளம் ஏன்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் இமயமலை ஆறுகளைக் குறித்து எழுதுகையில், மலைக்காடுகள் குளிர்காலப் பனியைக் கோடை வரை காத்துவைக்க உதவுகின்றன என்று ஒரு வரி குறிப்பிட்டிருந்தேன். கத்திரி வெயிலுக்குப் பேர்போன வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் நினைக்கவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றை இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். இங்கே பனிப்படிவு என்று நான் எழுதுவது, வானிலிருந்து பொழிந்து, தரையில் அடுக்கடுக்காகச் சேர்ந்து, மாதக்கணக்கில் கிடக்கும் வெண்பனியை மட்டுமே. மார்கழி விடியலில் நம் ஊர்ப் புல்நுனியில் நிற்கும் பனித்துளியை அல்ல.

கேள்வி: நான் இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காஷ்மீரின் குப்வாராவில் இருந்தபோது, திறந்த வெளியில் இடுப்பளவு பனி கிடக்கும் நாட்களிலும், தேவதாரு மரங்களின் அடியில் மட்டும் கிணறு வெட்டியதுபோல் பள்ளம் விழுந்திருக்கும். சில இடங்களில் மண்ணும் சருகுமே தெரியும். நிழலில்தானே பனி அதிக நாள் நிற்க வேண்டும்? மரத்தடியில் அது முதலில் மறைவது எதனால்?
– முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை

பதில்: வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பிய ஊர் என்று பெயர் பெற்ற தங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. தாங்கள் கண்ட பள்ளத்துக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அங்கே பனி கரைந்ததைவிட, வந்து சேராததே அதிகம். தேவதாருவின் கிளைகள் தட்டுத்தட்டாகக் கிடைமட்டத்தில் விரிந்தவை. பொழியும் பனியில் கணிசமான பகுதியை அந்தத் தட்டுகளே ஏந்திக்கொள்கின்றன. ஏந்தியதில் ஒரு பங்கு பிறகு கிளையின் நுனியிலிருந்து சரிந்து விழும்போது, அடிமரத்துக்கு அருகில் விழாமல் சற்றுத் தள்ளி விழுகிறது. எனவே அடிமரத்தைச் சுற்றித் தொடக்கத்திலிருந்தே பனி மெலிந்தும் தளர்ந்தும் இருக்கும்.

இரண்டாவது காரணம் வெப்பம். நிழல் பனியைக் காக்கும் என்று நாம் நம்புவது சூரிய ஒளியை மட்டும் கணக்கில் கொண்டுதான். ஆனால் புதிதாக விழுந்த பனி, தன்மீது படும் சூரிய ஒளியில் 80 முதல் 90 விழுக்காடு வரை திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே ஏற்பது மிகச் சிறிய பங்கு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களிடம் அதே பனி முற்றிலும் வேறு விதமாக நடந்துகொள்கிறது. வந்ததில் ஏறத்தாழ முழுவதையும் விழுங்கிக்கொள்கிறது. எல்லாப் பொருள்களும் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்ப இந்தக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றன. பூச்சியம் பாகை செல்சியஸில் இருக்கும் பனிப்பரப்பு, சதுர மீட்டருக்கு 310 வாட்டுக்குக் குறையாத வீதத்தில் வெப்பத்தை இழக்கிறது. மேகமற்ற, வறண்ட மலைவானம் அதற்குத் திருப்பித் தருவது 200 முதல் 230 வாட் அளவே. ஆகவே திறந்த வெளிப் பனி இரவெல்லாம் வெப்பத்தை இழந்து இறுகிக் குளிர்கிறது. மரத்தடிப் பனிக்கு மேலே இருப்பதோ வானம் அன்று, மரம். காற்றின் வெப்பநிலையில் இருக்கும் ஊசியிலைகளும் கிளைகளும், அது இழந்த வெப்பத்தை ஏறக்குறைய முழுவதுமாக அதற்கே திருப்பித் தந்துவிடுகின்றன. மே மாத இரவில் நம் ஊரில் மொட்டை மாடியில் திறந்த வெளியில் பாய் விரித்தவருக்குப் பின்னிரவில் குளிர் தட்டும்போது, அதே மாடியில் கீற்றுப் பந்தலுக்கு அடியில் படுத்தவர் புழுங்கிக்கொண்டிருப்பாரே, அதே கணக்குத்தான் இது.

பகலில் இதற்கு மேலும் ஒன்று சேர்கிறது. கரிய பட்டை ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உறிஞ்சுவதால், வெயில் படும் அடிமரத்தின் பரப்பு சுற்றியுள்ள காற்றைவிடப் பல பாகை சூடாகிறது. அடுத்த முறை யாரேனும் காஷ்மீரிலிருந்து எடுத்து அனுப்பும் படத்தை உற்றுப் பாருங்கள். பள்ளம் வட்டமாக இராமல், மரத்தின் தென்பக்கம் பெரும்பாலும் சற்று அகன்று காணப்படும். உதிர்ந்த ஊசியிலைகளும் பட்டைத் துணுக்குகளும் பனியைக் கறுக்க வைத்து, கரைவதை மேலும் விரைவாக்குகின்றன.

நிழலுக்குப் பயனே இல்லையா என்றால், உண்டு; அது பருவத்தைப் பொறுத்தது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்ந்து, பனியும் புதிதாக இருக்கும்போது நிழலால் மிச்சமாகும் வெப்பம் குறைவு. மார்ச், ஏப்ரலில் சூரியன் உயர்ந்து, பனியும் பழசாகி அழுக்கேறி ஒளியில் பாதியளவே திருப்பி அனுப்பும் நிலைக்கு வரும்போது, நிழல்தான் பனியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. மரம் பனிக்குக் குடையாகவும் இருக்கிறது, அடுப்பாகவும் இருக்கிறது. எந்த வேலை எப்போது மேலோங்குகிறது என்பதே கேள்வி.

மரத்தடிப் பள்ளத்தின் மேல் சில வேளைகளில் தளர்ந்த பனி மூடிக்கிடக்கும். நடப்பவர்களும் பனிச்சறுக்கு விளையாடுபவர்களும் அதில் தலைகீழாக விழுந்து மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். தாங்கள் அங்கே இருந்த காலத்தில் இது சொல்லித் தரப்பட்டிருக்கும்.

கேள்வி: ஏலகிரியில் ஏன் பனி பொழிவதில்லை? ஊட்டியில் ஜனவரி மாதம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது பனிப்பொழிவுதானே?
– வாசகி, திருப்பத்தூர்

பதில்: ஏலகிரி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரமே உள்ள மலை, நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் அந்த உயரம் பனிப்பொழிவுக்குப் போதவே போதாது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் காண்பது உறைபனி; அது மேலிருந்து விழுவதில்லை. தெளிந்த இரவில் புல் வெப்பத்தை வானத்துக்கு இழந்து உறைநிலைக்குக் கீழே போகும்போது, காற்றிலுள்ள ஈரம் அதன்மீது நேரே பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. திறந்த புல்வெளியில் மட்டும் வெளுப்பதும், பக்கத்திலேயே இருக்கும் சோலைக்காட்டின் அடியில் வெளுக்காததும், மேலே படைவீரருக்குச் சொன்ன அதே காரணத்தால்தான். சோலை மரங்களின் கன்றுகள் புல்வெளிக்குள் எளிதில் பரவ முடியாமல் கருகிப்போவதில் இந்த உறைபனிக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி: கிளைகளில் தங்கும் பனி உருகிக் கீழே சொட்டிவிட்டால் தண்ணீர் எப்படியும் தரைக்கு வந்துவிடும். அப்படியிருக்க, காடு பனியை வீணாக்குகிறது என்று எதைக் கொண்டு சொல்கிறார்கள்?
– இளங்கலை இயற்பியல் மாணவர், காட்பாடி

பதில்: எல்லாமே உருகிச் சொட்டினால் உங்கள் வாதம் சரி. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோர மலைகளைப்போல் குளிர் மிதமாகவும் காற்று ஈரமாகவும் உள்ள இடங்களில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கிளையிலிருந்து சொட்டும் நீர் கீழே உள்ள பனியை நனைத்து அதையும் சேர்த்துக் கரைக்கிறது. குளிர் கடுமையாகவும் காற்று வறண்டும் இருக்கும் உள்நாட்டு மலைகளில் கதை வேறு. அங்கே கிளையில் இருக்கும் பனி நீராகாமலே ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. கற்பூரத்தைக் கொண்டு பள்ளியில் நீங்கள் படித்த பதங்கமாதல் இதுவே.

ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் போதும். அதை நேரே ஆவியாக்க ஏறக்குறைய 2,830 கிலோஜூல் வேண்டும். எட்டு மடங்குக்கு மேல் செலவாகும் இந்த வேலை, தரையில் கிடக்கும் பனியில் மெதுவாகவே நடக்கிறது. ஏனெனில் அதன் மேல்பரப்பு மட்டுமே காற்றைத் தொடுகிறது, காட்டுக்குள் காற்றும் அடங்கிப்போயிருக்கிறது. கிளையில் இருக்கும் பனியோ கைப்பிடி கைப்பிடியாகப் பிரிந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் காற்றுக்கும் வெயிலுக்கும் உடம்பைக் காட்டிக்கொண்டு, தரையிலிருந்து இருபது, முப்பது மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதோடு, கரிய ஊசியிலைகள் வெயிலை உறிஞ்சி அந்தப் பனிக்கு அருகிலேயே சூட்டை வைத்திருக்கின்றன. கனடாவின் அடர்ந்த ஊசியிலைக் காடுகளில் நடந்த ஆய்வுகள், நடுக்குளிர்காலத்தில் அதுவரை பொழிந்த பனியில் 60 விழுக்காடு வரை விதானத்தில், அதாவது கிளையும் இலையும் சேர்ந்த மேற்கூரையில், தங்கக்கூடும் என்றும், ஆண்டுப் பனிப்பொழிவில் 30 முதல் 40 விழுக்காடு வரை இவ்வாறு ஆவியாகிவிடக்கூடும் என்றும் காட்டியுள்ளன. இலையுதிர்த்து நிற்கும் பூர்ஜ மரக்காட்டில் இந்த இழப்பு மிகக் குறைவு. ஏந்திப் பிடிக்க அங்கே இலை இல்லை.

கேள்வி: காடு பனியைக் காக்கிறது என்கிறீர்கள். காடில்லாத இடத்தில்தான் பனி அதிக நாள் கிடக்கிறது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இரண்டில் எது சரி?
– வாசகர், ஆற்காடு

பதில்: இரண்டும் சரி, இடம்தான் வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா லண்ட்குவிஸ்ட்டும் அவருடைய குழுவினரும் உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, 2013-இல் ஒரு தெளிவான முடிவை வெளியிட்டார்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் சராசரி வெப்பநிலை மைனஸ் 1 பாகை செல்சியஸைவிடக் கூடுதலாக, அதாவது குளிர் மிதமாக, இருக்கும் இடங்களில், காட்டுக்குள் இருக்கும் பனி, பக்கத்துத் திறந்த வெளிப் பனியைவிட ஒன்று முதல் இரண்டு வாரம் முன்னதாகவே மறைந்துவிடுகிறது. அதைவிடக் குளிரான இடங்களில் இது தலைகீழாகிக் காட்டுப் பனி நீடிக்கிறது.

காரணத்தை முன்னரே பார்த்துவிட்டோம். மிதமான குளிர் உள்ள இடத்தில் மரங்கள் பூச்சியம் பாகையை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், அவை தரும் அகச்சிவப்பு வெப்பம் நடுக்குளிர்காலத்திலேயே பனியைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது. வசந்தத்தில் நிழல் உதவ வரும்போது காக்க வேண்டிய பனி அங்கே மிச்சமிருப்பதில்லை. கடுங்குளிர் இடத்தில் மரங்களே உறைநிலைக்கு வெகு கீழே இருப்பதால் அவற்றால் பனியைக் கரைக்க முடியாது. குளிர்காலம் கழிந்து வெயில் ஏறும்போது அதே மரங்களின் நிழல் முழுப் பயனைத் தருகிறது.

காற்று பலமாக வீசும் முகடுகளை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து தள்ளி வையுங்கள். அங்கே திறந்த வெளிப் பனி கரைவதற்கு முன்பே வாரிச் செல்லப்படுகிறது. எந்த வெப்பநிலையானாலும் மரமுள்ள சரிவே பனியைப் பிடித்து நிறுத்துகிறது.

காஷ்மீருக்கே இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஸ்ரீநகர்ப் பள்ளத்தாக்கில் ஜனவரியின் சராசரி உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கிறது. குல்மார்க் இருக்கும் 2,650 மீட்டர் உயரத்தில் அது உறைநிலைக்குப் பல பாகை கீழே போய்விடுகிறது. ஒரே மலைச்சரிவில், அடிவாரத்துக் காடு பனியைக் குறைப்பதாகவும் மேட்டுக்காடு பனியை நீட்டிப்பதாகவும் இருக்க இயற்பியல் இடம் தருகிறது. உலகம் சூடாக ஆக, இந்த எல்லைக்கோடு மலையில் மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: மரம் வெட்டினால் பனியும் நீரும் பெருகும் என்றால், பள்ளியில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் வனப் பாதுகாப்பு என்னாவது? காடுகளை அழிப்பவர்களுக்கு இது வாய்ப்பாகிவிடாதா?
– ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஐயாவின் அச்சம் நியாயமானது. எனவே இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

மரங்கள் எத்தனை என்பதோடு, அவை எப்படி நிற்கின்றன என்பதையும் பனி பார்க்கிறது. முப்பது மீட்டர் உயரமுள்ள மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு திறப்பைச் சமதரையில் எண்ணிக்கொள்ளுங்கள். திறப்பின் குறுக்களவும் முப்பது மீட்டர்தான். மேலே விதானம் இல்லாததால் பொழியும் பனி முழுவதும் தரைக்கு வருகிறது. நான்கு பக்கமும் மரங்கள் நிற்பதால் காற்று அதை வாரிச் செல்வதில்லை. தலைக்கு மேலே குளிர்ந்த வானம் தெரிவதால் இரவில் பனி இறுகுகிறது. வெயிலைப் பொறுத்தவரை, குப்வாராவின் அகலாங்கில் டிசம்பர் 21 அன்று உச்சிப்பொழுதில் சூரியன் 32 பாகை உயரத்தில்தான் நிற்கும். முப்பது மீட்டர் மரத்தின் நிழல் வடக்கே ஏறக்குறைய 48 மீட்டர் நீளும். திறப்பு முழுவதும் நிழலில் கிடக்கிறது. மார்ச் 21 அன்று அதே மரத்தின் நிழல் ஏறக்குறைய 20 மீட்டராகச் சுருங்கிவிடும். அப்போதும் திறப்பின் தெற்குப் பகுதி மூன்றில் இரண்டு பங்கு நிழலிலும், வடக்கு விளிம்பில் பத்து மீட்டர் மட்டும் வெயிலிலும் இருக்கும். இதையே நூறு மீட்டர் திறப்பாக்கினால், மார்ச்சில் எண்பது மீட்டர் வெயிலில் காய்கிறது. இன்னும் அகலமாக்கிச் சரிவையே மொட்டையடித்தால், காற்றும் சேர்ந்துகொள்கிறது. கனடாவின் 54 பாகை அகலாங்கில் அதே மரத்தின் டிசம்பர் நிழல் 130 மீட்டருக்கும் மேல் போகும் என்பதால், அங்கே பொருந்தும் திறப்பின் அளவு இமயத்துக்குப் பொருந்தாது. தென்சரிவுக்கும் வடசரிவுக்கும்கூட ஒரே அளவு பொருந்தாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் மொழி கற்பித்த ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச் என்பவர், குளிர்காலத்தில் மவுண்ட் ரோஸ் மலையில் ஏறி இறங்கிப் பனியைக் குழாயால் குத்தியெடுத்து நிறுத்துப் பார்த்தார். தாகோ ஏரியின் நீர்மட்டம் வசந்தத்தில் எவ்வளவு உயரும் என்று முன்கூட்டியே சொல்லும் முறையை ஏற்படுத்தியவர் அவர். பனியைக் காக்க ஏற்ற காடு, வெயில் தரையை எட்டாத அளவுக்குச் சிறு சிறு திறப்புகள் தேன்கூட்டு அறைகள்போல் இடையிடையே அமைந்த காடுதான் என்ற முடிவுக்கு அவர் 1910களிலேயே வந்துவிட்டார். மொழிப் பேராசிரியர் ஒருவர் பனி அளவியலுக்கு அடிப்படை போட்டார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

நீர் பெருகும் என்பதற்கான சான்றும் உண்டு. கொலராடோ மாநிலத்தின் வேகன் வீல் கேப் என்னுமிடத்தில் 1910-இல் அருகருகே உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டையும் பல ஆண்டுகள் அளந்த பின், 1919-இல் ஒன்றை மட்டும் வெட்டி, 1926 வரை ஓடைநீரை ஒப்பிட்டார்கள். வெட்டிய பக்கம் நீர் அதிகமாக வந்தது. அதே மாநிலத்தின் ஃப்ரேசர் ஆய்வுக்காட்டில் ஃபூல் கிரீக் என்ற ஓடையின் நீர்ப்பிடிப்பில், 1950களின் நடுவில் மரங்களைப் பட்டைப் பட்டையாக, ஒன்றுவிட்டு ஒன்றாக, சுமார் 40 விழுக்காடு பரப்பில் வெட்டினார்கள். ஓடைநீர் சராசரியாக ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. ஆனால் இதை மேற்கோள் காட்டுபவர்கள் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். கூடிய நீர் முழுவதும் பனியிலிருந்து வந்ததன்று. கோடையில் மரங்கள் உறிஞ்சியிருக்கக்கூடிய மண்ணீரும் அதில் சேர்த்தி. மேலும், அங்கே பாதிக்கு மேற்பட்ட மரங்கள் நின்றுகொண்டே இருந்தன. அவை இல்லாவிட்டால் பட்டைகளுக்கு நிழலும் இல்லை, காற்றுத் தடுப்பும் இல்லை.

மரம் இல்லாமற்போனால் நீர் தானாகவே பெருகிவிடும் என்ற எண்ணத்துக்கு இயற்கையே ஒரு மறுப்பைத் தந்தது. 1990களின் பிற்பகுதியிலிருந்து மலைப் பைன் வண்டு வட அமெரிக்காவின் மேற்கில் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. விதானம் உதிர்ந்தது, நீர் உறிஞ்சும் மரம் செத்தது, ஆகவே ஆறுகளில் வெள்ளம் பெருகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பல நீர்ப்பிடிப்புகளில் அப்படி நடக்கவில்லை. நிழலும் காற்றுத் தடுப்பும் போனதால் தரையில் கிடந்த பனியே கூடுதலாக ஆவியானது. தப்பிய சிறு மரங்களும் புதர்களும் கிடைத்த ஒளியில் செழித்து மீதி நீரைக் குடித்தன.

அமெரிக்காவின் சியரா நெவாடா மலையில் இன்று காட்டை நெருக்கம் குறைக்கும் வேலை நடப்பதற்குப் பின்னணி வேறு. அங்கே நூறாண்டுக்கு மேலாகச் சிறு தீயையும் அணைத்தே வந்ததால், முன்பு இடைவெளி விட்டு நின்ற காடு நெருக்கடியாகிவிட்டது. நெருக்கம் குறைப்பது அங்கே காட்டைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது. இமயச் சரிவில் கோடரி எடுத்துச் செல்ல அதை யாரும் அனுமதிச் சீட்டாகக் காட்ட முடியாது. இமயச் சரிவுகளில் மரங்களுக்கு மண்ணையும் பனிச்சரிவையும் பிடித்து நிறுத்தும் வேலையும் இருக்கிறது. பனிச்சரிவும் வெள்ளமும் அஞ்சி, சுவிட்சர்லாந்து 1876-ஆம் ஆண்டே மலைக்காடுகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. ஆகவே வகுப்பில் தாங்கள் சொல்லித் தருவதை மாற்ற வேண்டியதில்லை. மரம் நடும் விழாவில் எண்ணிக்கையை மட்டும் பெருமையாகச் சொல்லும் வழக்கத்தை வேண்டுமானால் பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

கேள்வி: ஓரிகனில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, தீயில் எரிந்த காடு ஒன்றைக் காட்டினார்கள். கரி மரங்களுக்கு நடுவே பனி அழுக்காகக் கிடந்தது. எரிந்த காட்டில் பனி கூடுமா, குறையுமா?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

பதில்: அம்மா, முதலில் கூடும், பிறகு விரைவில் போய்விடும். நீங்கள் பார்த்த அதே மாநிலத்தின் காஸ்கேட் மலையில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். இலையெல்லாம் எரிந்து தடுப்பு இல்லாததால் எரிந்த காட்டில் அதிகப் பனி சேர்ந்தது. ஆனாலும் எரியாத காட்டைவிட 23 நாள் முன்னதாகவே அது மறைந்தது. நிழல் இல்லை என்பது பாதிக் காரணம். கருகிய பட்டையும் கரித்துகளும் ஓயாமல் உதிர்ந்து பனியின் வெண்மையைக் கெடுத்தது மறு பாதி. நீங்கள் கண்ட அழுக்கு அதுதான்.

கேள்வி: எங்கள் பாலாற்றுக்குப் பனியும் இல்லை, பனிமலையும் இல்லை. ஜவ்வாது மலைக்காடு எங்களுக்கு இதே வேலையைச் செய்கிறதா?
– விவசாயி, வாணியம்பாடி

பதில்: இதே வேலையைச் செய்யவில்லை. பனிமலையின் சிறப்பு அது நீரை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதில் இருக்கிறது. ஜனவரியில் பொழிந்தது மே, ஜூனில் ஆற்றுக்கு வருகிறது. பக்ரா அணைக்கு வரும் சட்லெஜ் நீரில் ஏறக்குறைய 59 விழுக்காடும், அக்னூர் வரையிலான செனாப் நீரில் ஏறக்குறைய 49 விழுக்காடும் பனியும் பனியாறுகளும் உருகி வருவது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நந்தி மலையில் தோன்றி 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு முழுக்க முழுக்க மழையை நம்பியது. பெய்த மழை சில மணி நேரத்திலோ சில நாளிலோ ஓடிவிடும். தங்கினால் அது மண்ணிலும் ஆற்று மணலிலும் ஏரியிலும்தான் தங்க வேண்டும். மணல் போன இடத்தில் அந்தச் சேமிப்பும் போயிற்று என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

விதானம் பிடித்துவைக்கும் கதை மட்டும் மழைக்கும் பொருந்தும். காட்டில் பெய்யும் மழையில் பொதுவாக 10 முதல் 30 விழுக்காடு வரை இலையிலேயே நின்று ஆவியாகிவிடுகிறது. தூறலில் இந்தப் பங்கு அதிகம், வடகிழக்குப் பருவமழையின் அடைமழையில் குறைவு. அதற்கு ஈடாக, வேரும் சருகும் மண்ணைப் பொதபொதப்பாக வைத்திருப்பதால், தரைக்கு வந்த மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. பனிக்காட்டில் திறப்பின் அகலத்தைப் பார்ப்பதுபோல், ஜவ்வாதில் ஆடுமாடு மிதித்து இறுகாத மண் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: காட்டுக்குள் இருக்கும் பனியை எப்படி அளக்கிறார்கள்? செயற்கைக்கோளில் எல்லாம் தெரியாதா?
– பொறியாளர், ராணிப்பேட்டை

பதில்: அளக்க வேண்டியது பனியின் ஆழத்தைவிட, அது உருகினால் எத்தனை சென்டிமீட்டர் நீர் நிற்கும் என்பதை. புதிய பனி ஒரு மீட்டர் கிடந்தால் நீர் சுமார் 10 சென்டிமீட்டர். வசந்தத்தில் அமுங்கி இறுகிய ஒரு மீட்டரில் 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை இருக்கும். சர்ச் செய்த வழி இன்றும் வழக்கில் உள்ளது: நுனியில் பல் வைத்த உலோகக் குழாயைத் தரை தட்டும் வரை செருகி, உள்ளே அகப்பட்ட பனியோடு தூக்கி, தராசில் தொங்கவிட்டு, குழாயின் எடையைக் கழிப்பது. தானியங்கி நிலையங்களில், உறையாத திரவம் நிரப்பிய தட்டையான பை ஒன்றைத் தரையில் விரித்துவைத்து, மேலே சேரும் பனியின் எடையை அழுத்தமாக அளக்கிறார்கள்.

இந்த நிலையங்களில் பெரும்பாலானவை காட்டின் சிறு திறப்புகளில்தான் அமைக்கப்படுகின்றன. மரக்கிளை சரித்துக் கொட்டும் பனி கணக்கைக் கெடுக்கக் கூடாது என்பது அதற்கு நியாயமான காரணம். ஆனால் திறப்புதான் அதிகப் பனி சேரும் இடம் என்று மேலே பார்த்தோம். அந்த எண்ணைச் சரிவு முழுவதற்கும் பெருக்கினால், நெருங்கிய மரங்களுக்கு அடியில் இல்லாத பனியையும் சேர்த்து எண்ணிவிடுவோம். செயற்கைக்கோள் படத்தில் அடர்ந்த விதானம் தரையை மறைத்துவிடுகிறது. 2013 முதல் கலிஃபோர்னியா, கொலராடோ மலைகளில் விமானத்திலிருந்து லைடார் கருவியால் லேசர் துடிப்புகளை அனுப்பி அளக்கிறார்கள். பனியில்லாத காலத்தில் ஒருமுறையும் பனிக்காலத்தில் மறுமுறையும் பறந்து, இரண்டு தரைமட்டங்களின் வேறுபாட்டைப் பனியின் ஆழமாகக் கொள்கிறார்கள். கிளைகளின் இடுக்கு வழியே சில துடிப்புகள் தரை வரை போய்த் திரும்புவதால், திறப்புக்கும் மரத்தடிக்கும் உள்ள வேறுபாடு படத்தில் மேடுபள்ளமாகவே தெரிகிறது. லேசரால் ஆழம் தெரியுமே தவிர அடர்த்தி தெரியாது; அதற்குக் கணினி மாதிரியையும் தரை அளவீட்டையும் நம்ப வேண்டியிருப்பதால், குழாயும் தராசும் எடுத்துக்கொண்டு பனியில் நடப்பவர்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது.